கணையத்தில் கல் என்றால் எண்ணெயே கூடாதா?

கேள்வி: மேடம், என் அப்பாவுக்கு 56 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. நாலு வருடம் முன்பு கணையத்தில் கல் இருக்கிறது, நாள்பட்ட கணைய அழற்சி என்று சொன்னார்கள். குடிப்பழக்கம் கிடையாது. சுகரும் வந்துவிட்டதால் இன்சுலின் போடுகிறார். எண்ணெய் ஆகாது என்று சொன்னதிலிருந்து கஞ்சி, பயறு, அவித்த மரச்சீனி, இட்லி, சுட்ட பப்படம்தான். எப்போதாவது தாளிக்க மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். வலி குறைந்துவிட்டது. ஆனால் 64 கிலோ இருந்தவர் இப்போது 49. ஆறேழு மாதமாகக் கால் முழுக்க மீன் செதிள் மாதிரி தோல் உரிகிறது. முடி கொட்டுகிறது. முழங்காலுக்குக் கீழே முள் கீறிய புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. மலம் தண்ணீரில் மிதக்கிறது, நாற்றமும் அதிகம். தோல் டாக்டர் கொடுத்த ஆயின்மென்ட் போட்டால் இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் பழையபடிதான். 10,000 யூனிட் என்சைம் மாத்திரை ஒன்று, இரவு சாப்பிட்டுப் படுக்கும்போது போடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒமேகா 3 மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? தனித்தனியாகச் சமைக்க முடியாததால் என் மூன்று வயது மகன் உட்பட எல்லோருக்கும் வீட்டில் அதே சாப்பாடுதான்.

— ஒரு மகள், குமரி மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் புண்ணைப் பார்ப்போம். இன்சுலின் போடுகிறவருக்குக் காலில் இரண்டு மாதமாக ஆறாத புண் இருந்தால், நான் கீழே எழுதப்போகும் எதையும் முயன்று பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, காலில் ரத்த ஓட்டம், உணர்ச்சி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சத்துக் குறைவு ஒரு காரணமாக இருந்தாலும் கட்டுக்கடங்காத சர்க்கரை அதைவிட அவசரமானது.

இனி மற்றவை. நீங்கள் தோல், முடி, எடை, மலம் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இவை நான்கும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிற தொல்லைகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பாவின் உடலுக்கு நாலு வருடமாகக் கொழுப்பு போய்ச் சேரவில்லை. சாப்பாட்டில் கொழுப்பு இல்லை. கணையம் சுரக்கும் செரிமான நொதி (என்சைம்) போதாததால் இருக்கிற கொஞ்சமும் செரிக்காமல் மலத்தோடு போய்விடுகிறது. மலம் மிதப்பதும் நாற்றம் அடிப்பதும் அதன் அடையாளம்.

கொழுப்பு என்றாலே கெட்டது என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. உடலுக்கு வேண்டிய கொழுப்பில் பெரும்பகுதியை உடல் தானே செய்துகொள்ளும். மாவுச்சத்தைக் கூடக் கொழுப்பாக மாற்றிக்கொள்ளும். ஆனால் இரண்டே இரண்டு கொழுப்பு அமிலங்களை மட்டும் மனித உடலால் செய்ய முடியாது. ஒன்று லினோலெயிக் அமிலம், ஒமேகா 6 வகை. இன்னொன்று ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், ஒமேகா 3 வகை. அவற்றைக் கட்டுவதற்கான நொதிகள் செடிகளிடம் இருக்கின்றன, நம்மிடம் இல்லை. அதனால் இவற்றைச் சாப்பாட்டில் இருந்துதான் எடுத்தாக வேண்டும். 'அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள்' என்று இவற்றைத்தான் சொல்கிறோம்.

இது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது முதலில் எலிகளிடம் தெரிந்தது. 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவன் மனைவி, கொழுப்பை அறவே நீக்கிய தீனியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விட்டமின்கள் எல்லாம் சரியாகக் கொடுத்தும் எலிகளின் வளர்ச்சி நின்றது. வாலில் செதில் செதிலாகத் தோல் உரிந்தது, முடி உதிர்ந்தது, சிறுநீரகம் கெட்டது, குட்டி போடுவதிலும் கோளாறு வந்தது. லினோலெயிக் அமிலம் கொடுத்ததும் தேறின. அதுவரை கொழுப்பு வெறும் எரிபொருள் என்றே பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

பிறகு அதே குழுவைச் சேர்ந்த வில்லியம் பிரவுன் என்பவர், கொழுப்பு ஏறக்குறைய இல்லாத சாப்பாட்டை ஆறு மாதம் தானே சாப்பிட்டுப் பார்த்தார். எடை கொஞ்சம் குறைந்தது, தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1938இல் இது வெளிவந்தபோது, பெரியவர்களுக்கு இந்தக் குறைபாடு வராது போலிருக்கிறது என்றே பலர் எண்ணினார்கள். உண்மையில் அவருடைய உடல் கொழுப்பில் இருந்த சேமிப்பு அவரைக் காப்பாற்றிவிட்டது. நல்ல உடல்வாகுள்ள ஒருவரின் கொழுப்புத் திசுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு லினோலெயிக் அமிலமாக இருக்கும். ஒரு கிலோ அளவுக்கு அது கையிருப்பில் இருந்தால் மாதக்கணக்கில் ஓட்டலாம். உங்கள் அப்பா 15 கிலோ இழந்திருக்கிறார். அந்த இருப்பு கரைந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். முதல் மூன்று வருடம் தோலுக்கு ஒன்றும் இல்லாமல் இருந்து, இப்போது ஆறேழு மாதமாக உரிவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

தோல் ஏன் முதலில் மாட்டிக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் மேல்தோலின் வெளி அடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்துக் காய்ந்த செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்புதான் சாந்து. அந்தச் சாந்தில் செராமைடு என்ற கொழுப்பு இருக்கிறது. அதில் ஒரு முக்கிய வகையைச் செய்ய லினோலெயிக் அமிலம் கட்டாயம் வேண்டும். அது இல்லாதபோது உடல் சும்மா இருப்பதில்லை, கையில் இருக்கும் ஓலெயிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு அமிலத்தை அங்கே வைத்து ஒப்பேற்றப் பார்க்கும். சுவர் நிற்கும், ஆனால் நீர் கசியும். உடம்பின் ஈரம் தோல் வழியே ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். தோல் காய்ந்து, தடித்து, செதிலாக உரியும். ஆயின்மென்ட் போட்டால் இரண்டு நாள் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். மேலே பூசுவது கசிவைத் தற்காலிகமாக அடைக்கிறது, உள்ளே சாந்து இன்னும் வந்து சேரவில்லை.

லினோலெயிக் அமிலத்திலிருந்துதான் அராக்கிடோனிக் அமிலத்தை உடல் செய்கிறது. புண் ஆறும்போது அந்த இடத்தில் நடக்கிற வேலைகளைக் கட்டுப்படுத்தும் புரோஸ்டாகிளாண்டின்கள் அதிலிருந்து வருபவை. ஆகவே குறைபாடு உள்ளவர்களுக்குப் புண் மெதுவாக ஆறும், தொற்று எளிதில் பிடிக்கும், தட்டணுக்கள் குறையலாம், கல்லீரலில் கொழுப்பு சேரலாம். முடி உதிர்வதும் இதன் பகுதிதான்.

ஒமேகா 3 குறைந்தால் வேறு மாதிரி தெரியும். 1982இல் அமெரிக்காவில் ஒரு சிறுமியைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது. துப்பாக்கிக் குண்டு பட்டுக் குடலின் பெரும்பகுதியை இழந்த ஆறு வயதுக் குழந்தை. ரத்தக்குழாய் வழியாகவே உணவு. அதில் கொழுப்பாகக் கொடுத்தது குசும்பா (சாஃப்ளவர்) எண்ணெய். லினோலெயிக் அமிலம் நிறைய, ஒமேகா 3 ஏறக்குறைய இல்லை. சில மாதங்களில் அவளுக்குக் கைகால் மரத்துப்போனது, கால்வலி வந்தது, நடக்க முடியவில்லை, பார்வை மங்கியது. சோயா எண்ணெய்க் கொழுப்புக்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லைகள் நீங்கின. தோலுக்கு ஒரு கொழுப்பு, நரம்புக்கும் கண்ணுக்கும் இன்னொரு கொழுப்பு என்று தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் யோசனைக்குப் பதில் இதிலேயே வந்துவிட்டது. அவர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் கடையில் கிடைக்கும் 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் பெரும்பாலும் 300 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஒமேகா 3 இருக்கும். லினோலெயிக் அமிலமோ மிகக் குறைவு. அப்பாவின் தோல் கேட்பது அதைத்தான். போதாததற்கு, அந்த மாத்திரைக்குள் இருப்பதும் எண்ணெய்தான். சாப்பாட்டில் இருக்கும் எண்ணெயைச் செரிக்க முடியாதவருக்கு அதுவும் செரிக்காது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் என்சைம் மாத்திரை. உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் வருத்தியது அந்த ஒரு வரிதான். 10,000 யூனிட், அதுவும் படுக்கும்போது ஒன்று! இதைச் சாப்பிட்ட பிறகு போடும் கேஸ் மாத்திரை மாதிரி நினைத்துவிட்டீர்கள். கணையம் சுரக்க வேண்டிய நொதியை வெளியிலிருந்து கொடுக்கிறோம், ஆகவே அது சோற்றோடு சோறாகக் குடலுக்குள் போக வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி), இடையில் கொறிப்பதற்கு அதில் பாதி என்பது வழக்கமான தொடக்க அளவு. மருத்துவர் எழுதித் தரும் அளவை முதல் கவளத்தோடு ஒரு பகுதி, பாதிச் சாப்பாட்டில் மீதி என்று பிரித்துப் போடலாம். மெல்லக் கூடாது. மாத்திரையைப் பிரித்து அதற்குள் இருக்கும் மணிகளைச் சூடான கஞ்சியில் கொட்டவும் கூடாது, வீணாகிவிடும். காலையில் பால்வெட்டப் போகும்போது கையில் எடுத்துப்போகும் கட்டுச்சோற்றுக்கும் மாத்திரை வேண்டும்; சட்டைப் பையில் வைத்தனுப்புங்கள், ஆனால் வெயிலில் விட வேண்டாம். இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. அதைக் கேள்விப்பட்டு அப்பா தயங்குகிறார் என்றால் மறைக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள், தானாக நிறுத்திவிட வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நொதி சரியாக வேலை செய்ய ஆரம்பித்தால் சாப்பாடு உடலில் சேரும், சர்க்கரையும் ஏறும். இன்சுலின் அளவை மாற்ற வேண்டி வரலாம். அந்த வாரங்களில் அடிக்கடி சர்க்கரை பாருங்கள்.

நொதி போட ஆரம்பித்த பிறகுதான் எண்ணெய். கணைய நோய்க்கு எண்ணெயே கூடாது என்பது பழைய வழக்கம். கடும் வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களில் என்ன சாப்பிடுவது என்பது வேறு விஷயம், அதை அங்கே சொல்வார்கள். மற்ற நாட்களில், நொதி கொடுத்துக்கொண்டே இயல்பான அளவு கொழுப்பும் கொடுங்கள் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். நாலு வருடத்துக்கு முன்பு அப்பாவிடம் சொன்னது அந்த நேரத்து வலிக்காகச் சொன்னதாக இருக்கலாம். எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. எங்கள் ஓ.பி.யில் இப்படி வருடக்கணக்கில் எண்ணெயைத் தொடாமலே மெலிந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கிறோம். சொன்னதை அப்படியே கடைப்பிடித்தவர்கள் அவர்கள், அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

எந்த எண்ணெய் என்பது இங்கே முக்கியம். குமரி மாவட்டத்துக்காரரிடம் தேங்காய் எண்ணெயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அது உதவாது. அதில் லினோலெயிக் அமிலம் சுமார் 2 சதவீதம்தான். ஆய்வகத்தில் எலிகளுக்கு வேண்டுமென்றே இந்தக் குறைபாட்டை உண்டாக்க நினைத்தால், ஹைட்ரஜனேற்றம் செய்த தேங்காய் எண்ணெயைத்தான் கொழுப்பாகக் கொடுப்பார்கள். கணக்கைப் பாருங்கள். 1,800 கலோரி சாப்பிடும் ஒருவருக்குக் குறைந்தது 5 கிராம் லினோலெயிக் அமிலம் வேண்டும். தேங்காய் எண்ணெயிலிருந்து மட்டும் அதை எடுக்க ஒரு நாளைக்குக் கால் கிலோ எண்ணெய் குடிக்க வேண்டும். நல்லெண்ணெயில் அது 40 சதவீதத்துக்கு மேல், மூன்று டீஸ்பூன் போதும். கடலை எண்ணெயில் சுமார் 30 சதவீதம், சூரியகாந்தி எண்ணெயில் 60 சதவீதம் வரை. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய் (எம்.சி.டி.) என்று கணைய நோயாளிகளுக்கு எழுதித் தருவது உண்டு. அது எளிதில் செரிக்கும், எடை ஏற உதவும், ஆனால் அதில் இந்த இரண்டு அமிலங்களுமே கிடையாது. அதை மட்டுமே கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

ஆகவே வேளைக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் ஆரம்பியுங்கள். இட்லிப் பொடியில் குழைக்கலாம், பயற்றுத் துவையலில் விடலாம். பொரிக்க வேண்டாம். ஒரு வாரம் மலத்தையும் வயிற்றையும் கவனியுங்கள். எண்ணெய் மிதக்கவில்லை, வலி இல்லை என்றால் நாளைக்கு நாலைந்து டீஸ்பூன் வரை மெல்லக் கூட்டலாம். மிதந்தால் எண்ணெயைக் குறைப்பதற்கு முன் நொதி போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பயந்து மறுபடி எண்ணெயை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒமேகா 3க்கு உங்கள் ஊர்ச் சந்தையே போதும். சாளை, அயிலை, நெத்தோலி மூன்றும் நல்லவை. சாளை போட்டுப் புளிமுளம் வையுங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். மீன் கிடைக்காத நாளில் ஆளி விதையை வறுத்துப் பொடித்து இரண்டு டீஸ்பூன், அதில் ஏறக்குறைய ஒரு கிராம் ஒமேகா 3 கிடைக்கும், அன்றைய தேவை அவ்வளவுதான். முழு விதை அப்படியே வெளியேறிவிடும். பொடியையும் அளவாகவே சேருங்கள், நார்ச்சத்து மிக அதிகமானால் நொதியின் வேலையைக் கெடுக்கும்.

மரச்சீனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்பா கேட்பார். கேரளத்தில் குடிக்காதவர்களுக்கும் கணையத்தில் கல் வருவதைப் பார்த்து ஒரு காலத்தில் மரச்சீனியைத்தான் சந்தேகப்பட்டார்கள். பின்னால் அது நிரூபணம் ஆகவில்லை. இப்போது மரபணு மாற்றங்களைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். மரச்சீனி சாப்பிட்டதால் இந்த நோய் வந்தது என்று யாரும் அவரைக் குத்திக்காட்ட வேண்டாம். ஆனால் அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, கொழுப்பும் புரதமும் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு, சர்க்கரையையும் ஏற்றும். அதையே ஒரு வேளைச் சாப்பாடாக வைக்காமல் மீன் குழம்போடு கொஞ்சமாகக் கொடுங்கள்.

நான் சொல்வது கடிதத்தைப் படித்து வந்த சந்தேகம்தான். தோல் உரிவதற்குத் தைராய்டு குறைவு, துத்தநாகக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. கொழுப்பு செரிக்காதபோது அதில் கரையும் ஏ, டி, ஈ, கே விட்டமின்களும் சேராது. மாலையில் கண் சரியாகத் தெரியவில்லை, ஈறில் ரத்தம் கசிகிறது, எலும்பு வலிக்கிறது என்று அப்பா ஏதாவது சொல்லியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியை அளக்கும் பரிசோதனை உண்டு. 200க்குக் கீழே இருந்தால் கணையம் போதுமான நொதி தரவில்லை என்று அர்த்தம். ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களை அளந்தும் பார்க்கலாம். குறைபாடு வந்தால் உடல் மீட் அமிலம் என்ற மாற்றுச் சரக்கை அதிகம் செய்யும், அராக்கிடோனிக் அமிலத்தோடு அதன் விகிதம் 0.2க்கு மேல் போனால் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பரிசோதனை எல்லா லேபிலும் கிடையாது, விலையும் அதிகம். நொதியைச் சரிசெய்து எண்ணெய் கொடுத்துப் பார்ப்பதற்கு இந்த ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால், இப்போதைக்குச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாற்றிப் பாருங்கள். 1970களில் இதே குறைபாடு இருந்த நோயாளிகளின் கைத்தோலில் அதைத் தடவியபோது அந்த இடத்துத் தோல் தேறியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படிப் பலன் கிடைக்கவில்லை, அதனால் சாப்பாட்டுக்கு அது மாற்று ஆகாது. புண்ணின் மேல் எந்த எண்ணெயும் வேண்டாம். காரணம் இதுதான் என்றால் சில வாரங்களில் தோல் மிருதுவாக ஆரம்பிக்கும். முடிக்கு மாதங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், மூன்று வயது மகனும் அதே சாப்பாடு என்று. அப்பாவுக்காவது பல வருடச் சேமிப்பு இருந்தது. குழந்தைக்கு அது மிகக் குறைவு, வளர்ச்சிக்கான தேவையோ அதிகம். கொழுப்புக் குறைந்த பாலில் வளர்ந்த கைக்குழந்தைகளுக்குத் தோல் காய்ந்து உரிந்ததை ஆரில்ட் ஹேன்சன் என்ற குழந்தை மருத்துவர் அமெரிக்காவில் பதிவு செய்திருக்கிறார். மூளையும் விழித்திரையும் வளர்கிற வயதில் ஒமேகா 3 தேவை இன்னும் முக்கியம். இந்த வயதுக் குழந்தைக்குச் சமையலில் சேர்க்கும் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஐந்து டீஸ்பூன் அளவு வேண்டும்.

அவனுக்குத் தனியாகச் சமைக்க வேண்டாம். பொதுவாக வைத்த கஞ்சியிலிருந்து அவனுக்கு எடுத்த பிறகு நெய்யும் கடலை எண்ணெயும் விடுங்கள். பயற்றை மசித்து எண்ணெய் ஊற்றிப் பிசையுங்கள். முட்டை முழுதாக, மஞ்சள் கருவோடு. முள் எடுத்த சாளை. நிலக்கடலையை முழுதாகத் தராமல் பொடித்தோ அரைத்தோ கொடுங்கள், இந்த வயதில் புரையேறும். அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போகும் அன்றைக்கே அவனை அங்கன்வாடிக்கும் கூட்டிப்போய் எடை, உயரம் பாருங்கள். வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு, அந்த அட்டையின் விவரத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.